காலியாகத் திரும்பிய பெட்டி

அத்தியாயம் 9

பெட்டி காலியாகத் திரும்பி வந்திருந்தது.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு வாசல் கதவைத் திறந்த சயோ அதைப் படியின் மேல் பார்த்தாள். கறுப்பு அரக்குப் பெட்டி. கழுவித் துடைத்து, துணியில் முடிந்து வைத்திருந்தார்கள். தூக்கியபோதே கை ஏமாந்தது. முடிச்சை அவிழ்த்து மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

அந்தப் பெட்டி யாருடையது என்பது இரண்டு வீட்டுக்குமே மறந்து போய்விட்டது. அடுத்த வீட்டுக் கினு அம்மா காளான் வைத்து அனுப்புவாள். சயோ ஊறுகாய் வைத்துத் திருப்புவாள். வைக்க எதுவும் இல்லாத நாளில் நாலு முட்டை, அதுவும் இல்லாவிட்டால் ஒரு தீப்பெட்டி. சயோ இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பன்னிரண்டு வருடத்தில் அது ஒருமுறைகூட வெறுமையாக வந்ததில்லை. ஒகுமொரி என்ற இந்த மலையூரில் துக்க வீட்டிலிருந்துகூட வெறும் பாத்திரம் திரும்பாது.

பெட்டியின் அடியில் விரலை விட்டுத் தடவினாள். தாள் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் கணவன் கோஹெய் மேயர் தேர்தலுக்கு மனு கொடுத்தான். அன்று விடியலில் அவள் செம்பயறு சோறு அவித்தாள். நல்ல காரியம் தொடங்கும் வீட்டில் அதுதான் வழக்கம். அடுத்த வீட்டுக்கு ஒரு பெட்டி, அதுவும் வழக்கம். மூடியில் வேர்க்கும் ஆவி சோற்றில் சொட்டாமலிருக்க ஒரு தாள் விரிக்க வேண்டும். மேசை முழுக்கக் கணவனின் நோட்டீஸ்கள். கைக்கு எட்டியதை எடுத்தாள். கோஹெய்யின் முகமும், 'பள்ளிக்கூடத்தை மூட விடமாட்டேன்' என்ற வரியும் சோற்றின் மேல் கவிழ்ந்தன. மூடினாள். கொடுத்தாள். மறந்தாள்.

வியாழக்கிழமை பாத்திரம் கழுவிவிட்டு, தேர்தல் அலுவலகம் கொடுத்த சிறு புத்தகத்தைப் பிரித்தாள். பக்கம் பதினான்கு. வேட்பாளரோ அவர் வீட்டாரோ வாக்காளருக்கு உணவு கொடுக்கக் கூடாது. தேடி வருகிறவர்களுக்குத் தேநீர் தரலாம், கடித்துக்கொள்ளச் சிறு தின்பண்டம் தரலாம். அதற்கு மேல் கொடுத்தால் ஓட்டுக்கு லஞ்சம். அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவர் என்று யார் செய்தாலும் வேட்பாளரின் வெற்றி செல்லாது. ஐந்து வருடம் இங்கே தேர்தலில் நிற்க முடியாது. செய்தவருக்குச் சிறை.

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கினு அம்மா ஒற்றை ஆள், தின்றுவிட்டுத் தாளை அடுப்பில் போட்டிருப்பாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெட்டி வேறு சொன்னது.

உள்ளே கோஹெய் தேன் கலந்த வெந்நீரைக் குடித்துக்கொண்டிருந்தான். நாலு நாள் ஒலிபெருக்கியில் கத்தி அவன் குரல் போயிருந்தது. மகள் மாயு பள்ளிப் பையில் கரடியை விரட்டும் மணியை மாட்டிக்கொண்டிருந்தாள். இந்த இலையுதிர் காலத்தில் கரடிகள் ஆளில்லாத வீடுகளின் தோட்டம் வரை இறங்கிவிட்டன. சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, இருந்தாலும் நூலகத்துக்கு அந்த மணி இல்லாமல் அனுப்ப முடியாது.

மாமனார் இசாமு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சூப் குடித்தார். எழுபத்தொன்பது வயது. முதியோர் சங்கத்தில் துணைத் தலைவர். மகன் தேர்தலில் நிற்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யாருக்கு ஓட்டு என்றும் சொல்லவில்லை.

"யாரு வாசல்ல?" என்றான் கோஹெய்.

"யாருமில்ல. பெட்டி வந்திருக்கு."

இசாமுவின் கிண்ணம் ஒரு கணம் நின்றது. பிறகு சூப் குடிக்கும் சத்தம் மறுபடி கேட்டது.

*

கினு அம்மா சமையலறையில் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். எண்பத்து நான்கு வயது. சயோவின் கையில் பெட்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதே பொண்ணே. காளான் எடுத்துத்தான் வெச்சேன். வைக்கக் கூடாதுன்னுட்டார்."

"யாரு?"

"சங்கத் தலைவர். 'அந்த வீட்டுக்கு எதையும் குடுக்காதே, அங்கேர்ந்து எதையும் வாங்காதே. பெட்டி இருந்தா திருப்பி வெச்சுடு'ன்னார். வெறும் பெட்டிய எப்படிங்க வைக்கிறதுன்னேன். விடியறதுக்குள்ள வைன்னார். வெச்சுட்டு வந்து எனக்கு ஒரே நடுக்கம்."

"சோத்த நீங்க சாப்பிடலையா?"

"சாப்பிட்டேன். ஒத்த ஆளு, எவ்வளவுதான் திங்கிறது? புதன்கிழமை சங்கத்துத் தேநீருக்கு எடுத்துட்டுப் போனேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு அவிச்சதுன்னு பெருமையா சொன்னேன். ஆளுக்கு ஒரு கவளம். பிரமாதம்னாங்க."

சயோ பெட்டியைத் தரையில் வைத்தாள்.

"எத்தனை பேர்?"

"என்னோட ஒன்பது பேர். தலைவர் தின்னார். அவர் சம்சாரம் ஃபுசாவுக்கு அவரே ஊட்டிவிட்டார், பாவம், அவளுக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இல்லையே. உன் மாமனார் ரெண்டு கவளம்."

"மாமாவா?"

"ஏன், உங்க வீட்டுச் சோறு அவருக்குப் புதுசா?"

புதன், வியாழன், வெள்ளி. மூன்று நாள். சூப் குடிக்கும் சத்தத்தைத் தவிர அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

"மேல ஒரு தாள் இருந்ததே கினு அம்மா."

"உன் புருஷன் படமா? தலைவர் எடுத்துட்டார். பயறுச் சாயம் பட்டு மூஞ்சியெல்லாம் செவந்து, தம்பி நல்லா குடிச்சவன் மாதிரி இருந்தான். எல்லாரும் சிரிச்சோம். தலைவர் மட்டும் சிரிக்கல. மடிச்சு சட்டைப் பைல வெச்சுக்கிட்டார்." கினு அம்மாவின் குரல் மெலிந்தது. "நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா?"

"தப்பு என்னோடது. இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சொல்லக் கூடாதுன்னா தப்புதானே? எண்பத்து நாலு வருஷத்துல நான் ஒரு தப்புக்குப் போனதில்ல." அவள் ஜன்னலைப் பார்த்தாள். கோயில் மரத்தடியில் மூன்று நாளாக ஒரு சாம்பல் நிற வண்டி நின்றது. உள்ளே இரண்டு பேர். "அவங்க போலீஸாமே? பார்த்தா நல்ல பிள்ளைங்களாட்டம் இருக்காங்க. நேத்து என்னைப் பார்த்துக் குனிஞ்சு வணக்கம் சொன்னாங்க."

சயோ பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். அதை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

*

சங்கக் கூடத்தில் பேச்சுச் சத்தம் இல்லை. பென்சில் சத்தம் மட்டும் கேட்டது.

நீள மேசைகளில் இருபது முப்பது பேர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் பழைய நாட்காட்டித் தாள்கள், பின்புறம் மேலே. ஒவ்வொரு தாளிலும் ஒரே பெயர், மேலிருந்து கீழ்வரை. ஓயாமா. ஓயாமா. ஓயாமா. இப்போதைய மேயர், எழுபத்தேழு வயது. வாக்குச் சீட்டில் வேட்பாளரின் பெயரைக் கையால் எழுத வேண்டும். எழுத்து குலைந்தால் ஓட்டு செல்லாமல் போகலாம்.

சயோ உள்ளே வந்ததும் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. எல்லாத் தலைகளும் குனிந்தன. பென்சில்கள் தொடர்ந்தன.

சங்கத் தலைவர் தெஷிமா கென்ஸோ எழுந்து வந்து அவளுக்குத் தேநீர் ஊற்றினார். எண்பத்தாறு வயது. முன்னாள் தபால் நிலைய அதிகாரி. முதுகு இன்னும் நேராக இருந்தது. பக்கத்துச் சக்கர நாற்காலியில் அவர் மனைவி ஃபுசா ஒரு பென்சிலைக் கையில் பிடித்தபடி எழுதாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உக்காரும்மா. குளிர் வந்துடுச்சு."

"தலைவரே, அது வழக்கம். நான் எதையும் நினைச்சு வைக்கல."

"தெரியும்."

அவள் நாற்காலியை இழுத்தாள். உட்கார்ந்தாள்.

"நீ கெட்ட பொண்ணு இல்ல. உன் கை வழக்கத்துக்குப் போச்சு. ஆனா சட்டம் கையைத்தான் பார்க்கும், மனசைப் பார்க்காது. நான் நாப்பது வருஷம் அரசாங்க வேலை பார்த்தவன்." அவர் சட்டைப் பையைத் தொட்டார். எடுக்கவில்லை. "இந்த ஊர்ல ஓட்டுப் போடறவங்க மூவாயிரத்து எண்ணூறு பேர். எங்க வயசுக்காரங்க ரெண்டாயிரத்து முன்னூறு. பள்ளிக்கூடத்துல எத்தனை பிள்ளைங்க?"

"பதினேழு."

"பதினேழு. பகல்நேரப் பராமரிப்பு இல்லத்துல இடம் கேட்டுக் காத்திருக்கறவங்க நாப்பத்தொரு பேர். இவ இருபத்தொன்பதாவது." மனைவியின் முழங்காலில் போர்வையைச் சரிசெய்தார். "பள்ளிக்கூடத்துல சூடான தரை இருக்கு. படி இல்லாத வாசல் இருக்கு. ஓயாமா அதை எங்களுக்குத் தர்றேன்னுட்டார். உன் புருஷன் ஜெயிச்சா?"

"நீங்க அவர் தோக்கணும்னு..."

"யார் ஜெயிச்சாலும் எனக்குக் கட்டடம் வேணும். மூணு மணிக்கு அவன் கடைசியா பேசறான். 'பள்ளிக்கூடத்தை முதியோருக்குத் தர்றேன்'. ஒரே ஒரு வாக்கியம். சொல்லிட்டா இந்தத் தாளை அடுப்புல போட்டுடுவேன்."

"சொல்லலைன்னா?"

"கோயில் மரத்தடி வரைக்கும் நடக்கணும். எனக்குக் கால்வலி. நடக்க வைக்காதே."

ஃபுசா பென்சிலை சயோவிடம் நீட்டினாள். "எழுதும்மா," என்றாள் அன்பாக. "எழுதிட்டா வீட்டுக்குப் போகலாம்."

தெஷிமா பென்சிலை மனைவியின் விரல்களிலிருந்து மெல்ல எடுத்தார்.

"உனக்கு உன் மக. எனக்கு இவ. பகல்ல நாற்காலியை விட்டு எழ மாட்டா, ராத்திரி எந்திரிச்சு வெளியே நடந்துடறா. வெளியே கரடி. கதவுல கயிறு கட்டி என் கைல முடிஞ்சுக்கிட்டுப் படுக்கறேன். நான் செத்துட்டா அந்தக் கயிறை யார் பிடிப்பாங்க?"

சயோ தேநீரைத் தொடவில்லை. எழுந்து குனிந்து வணங்கிவிட்டு வந்தாள். கதவை மூடும்வரை பென்சில் சத்தம் கேட்டது.

*

ஆற்றங்கரையில் பிரசார வண்டியை நிறுத்திவிட்டு கோஹெய் சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தான். ஓட்டுநர் சற்றுத் தள்ளிப் புகைபிடித்துக்கொண்டிருந்தார்.

சயோ நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தொடக்கத்தில் அவன் சிரித்தான்.

"சோறா? ஒரு கவளம் சோத்துக்கா?"

"நோட்டீஸோட."

சிரிப்பு நின்றது. கையிலிருந்த உருண்டையைப் பார்த்தான். அதைத் தாளில் சுற்றி வைத்தான்.

"பக்கம் பதினாலு," என்றான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"மனு குடுக்கறதுக்கு முன்னாடியே படிச்சேன். உன்னையும் படிக்கச் சொல்லணும்னு நினைச்சேன். மறந்துட்டேன்."

ஆற்றில் தண்ணீர் குறைவு. எதிர்க்கரையில் பள்ளிக்கூடத்தின் சிவப்புக் கூரை தெரிந்தது. அது மூடப்பட்டால் மாயு மலைக்கு அந்தப் பக்கம் ஒன்றேகால் மணி நேரம் பேருந்தில் போக வேண்டும். பனிக்காலத்தில் அந்தப் பாதை வாரக்கணக்கில் அடைபடும். மாயுவோடு படிக்கும் மூன்று பேரில் இருவர் வீட்டார் ஊரைவிட்டுப் போகும் யோசனையில் இருந்தார்கள்.

"அந்த வாக்கியத்தைச் சொல்லிடுங்க," என்றாள் சயோ. அதைத் தானே சொன்னது அவளுக்கே வியப்பாக இருந்தது. "போகட்டும். பேருந்துல போகட்டும். எனக்குப் பயமா இருக்கு."

கோஹெய் சுற்றி வைத்த உருண்டையைப் பைக்குள் போட்டான்.

"இன்னிக்குச் சொல்றேன்னு வை. நாளைக்கு ஜெயிச்சுட்டேன்னு வை. அவர் அதை அடுப்புல போட்டாரா இல்லையான்னு நாம எட்டியா பார்க்க முடியும்? நாலு வருஷம் ஒவ்வொரு தடவையும் சட்டைப் பையைத் தொடுவார். பையைத் தொட்டாலே போதும், எடுக்கக்கூட வேணாம்."

"சொல்லலைன்னா ஓட்டு முடிஞ்சதும் திங்கக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போவாங்க."

"உன்னையா?"

"நான்தானே வெச்சேன்."

அவன் அவள் கையைப் பிடித்தான். அவன் கை அவள் கையைவிடச் சில்லென்று இருந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவரும் தின்னார். ரெண்டு கவளம்."

*

வீட்டுப் பின்னால் ஊறுகாய் முள்ளங்கிக்குப் புகை போடும் கொட்டகை. கூரையிலிருந்து வரிசை வரிசையாக முள்ளங்கிகள் தொங்கின. நடுவில் செர்ரி மரக்கட்டை கனன்றுகொண்டிருந்தது. இசாமு அதன் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து, முழங்காலில் ஒரு தாளை வைத்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

அவரும் பெயர் எழுதிப் பழகுகிறார் என்று சயோவுக்குத் தோன்றியது. கண்ணில் நீர் வந்தது. புகையினால் என்று வைத்துக்கொண்டாள்.

"மாமா, புதன்கிழமையே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லலையே."

"சீனி கொஞ்சம் கம்மி. மத்தபடி நல்லா இருந்துச்சு."

"மாமா!"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? பயந்திருப்ப. மூணு நாள் கூடுதலா பயந்திருப்ப. அவன்கிட்ட சொன்னா முகத்துல எழுதி ஒட்டிக்கிட்டுத் திரிவான். அவனுக்குப் பொய் சொல்ல வராது, அவங்கம்மா மாதிரி."

"நீங்கதான் குடுத்தீங்கன்னு நான் போலீஸ்கிட்ட சொல்லிட்டா..."

"அப்பா குடுத்தாலும் அதே சட்டம்தான். நானும் அந்தப் புத்தகத்தைப் படிச்சேன். எல்லாப் பக்கமும் படிச்சேன்." அவர் தாளை மடித்தார். "நீ எத்தனை பக்கம் படிச்ச?"

"பதினாலு வரைக்கும்."

"பதினஞ்சாவதையும் படிச்சிருக்கணும்."

அவள் கேட்பதற்குள் அவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். முள்ளங்கிகளுக்கு நடுவே குனிந்து வெளியேறினார்.

"நீங்க யார் பக்கம் மாமா?"

அவர் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. களைப்பு இருந்தது.

"எனக்கு எழுபத்தொன்பது. கென்ஸோவோட நிலைமை எனக்கு எப்ப வரும்னு தெரியாது. நாப்பத்திரண்டாவது பேரா நான்தான் இருப்பேன். என் பக்கம் எதுன்னு எனக்கே தெரியல."

*

ஒகுமொரியில் கடைசிப் பேச்சு மூன்று மணிக்கு. மற்ற ஊர்களில் எட்டு மணி வரை பேசுவார்கள். இங்கே கேட்பவர்கள் ஐந்து மணிக்குச் சாப்பிட்டு ஏழு மணிக்குப் படுக்கிறவர்கள். வாக்குச்சாவடியும் அவர்களுக்காக நாலு மணிக்கே மூடிவிடும்.

கூட்டுறவுக் கடை முன்னால் மடக்கு நாற்காலிகள் நிரம்பியிருந்தன. முன் வரிசையில் தெஷிமாவும் சக்கர நாற்காலியில் ஃபுசாவும் இருந்தார்கள். மூன்றாம் வரிசையில் கினு அம்மா, மடியில் ஏதோ துணி மூட்டையோடு. சாலைக்கு அந்தப் பக்கம், கோயில் மரத்தடியில், சாம்பல் வண்டி.

சயோ கடைச் சுவரோடு ஒட்டி நின்றாள். மாமனாரைக் காணவில்லை.

கோஹெய் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்றான். சாலை, பேருந்து, மருந்துக் கடை என்று ஒவ்வொன்றாகப் பேசினான். குரல் கிழிந்த துணி போல் இருந்தது. பிறகு நிறுத்தினான்.

"பள்ளிக்கூடம்," என்றான்.

நாற்காலிகள் கிரீச்சிடுவது நின்றது. தெஷிமாவின் கை சட்டைப் பையின் மேல் இருந்தது.

கோஹெய் கூட்டத்தின் மேலாகச் சயோவைப் பார்த்தான். அவள் தலையசைக்கலாம், இப்படியோ அப்படியோ. எந்தப் பக்கமும் கழுத்து அசையவில்லை.

"மூட விடமாட்டேன்," என்றான். "அவ்வளவுதான். நன்றி."

யாரும் கை தட்டவில்லை.

தெஷிமா எழுந்தார். ஊன்றுகோலைத் தேடி எடுத்தார். மனைவியின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். பிறகு சாலையை நோக்கி நடந்தார்.

நடை மிக மெதுவாக இருந்தது. ஒரு காலை வைத்து, ஊன்றுகோலை வைத்து, மற்றக் காலை இழுத்தார். கூட்டம் முழுவதும் திரும்பி அவர் முதுகைப் பார்த்தது. சயோவுக்கு ஓடிப்போய் அவர் காலில் விழ வேண்டும் போல் இருந்தது. பத்தே எட்டில் பிடித்துவிடலாம். கால் எழவில்லை.

சாலை நடுவே அவர் நின்றார். எதிரில் இசாமு வந்து நின்றதுதான் காரணம். இத்தனை நேரம் அவர் அந்தப் பக்க மரத்தடியில்தான் நின்றிருக்கிறார். சயோ எப்படியோ அவர்கள் அருகில் வந்திருந்தாள். மாமனாரின் சட்டையிலிருந்து முள்ளங்கிப் புகை வீசியது.

"வழி விடு இசாமு."

"இதைப் படிச்சுட்டுப் போ."

கொட்டகையில் எழுதிய தாள். தெஷிமா கண்ணாடியை மேலே தள்ளிப் படித்தார். ஒன்பது பெயர்கள். முதல் பெயர் இசாமு.

"என்னடா இது?"

"தின்னவங்க. குடுத்தவங்களுக்கு மட்டும் இல்ல, வாங்கித் தின்னவங்களுக்கும் தண்டனை. அடுத்த பக்கத்துல இருக்கு. ஓட்டுரிமையும் போயிடும். நாப்பது வருஷம் அரசாங்க வேலை பார்த்தவன், இதை மட்டும் எப்படி விட்டே?"

"உன் மகனே போயிடுவான்டா."

"போவான். மருமகளும் போவா. நானும் போவேன். நீ அந்தத் தாளைக் குடு, நான் இந்தத் தாளைக் குடுக்கறேன். சேர்ந்தே போகலாம், வா."

தெஷிமாவின் விரல் பெயர்கள்மேல் இறங்கியது. கடைசிப் பெயரில் நின்றது.

"ஃபுசா பேரையும் எழுதியிருக்கே."

"அவளும் தின்னாளே. நீதானே ஊட்டிவிட்டே."

"அவளைப் போலீஸ் விசாரிக்குமா? அவளுக்கு என் பேரே தெரியாதேடா."

இசாமு தொப்பியைக் கழற்றினார். "எழுதும்போது என் கை நிக்கலை கென்ஸோ. இருந்தும் எழுதினேன்."

எழுபது வருடச் சிநேகிதர்கள் சாலை நடுவே நின்றார்கள். ஒரு பால் வண்டி வந்து, ஹாரன் அடிக்காமல் காத்திருந்தது.

சாம்பல் வண்டியின் கதவு திறந்தது. கண்ணாடி போட்ட நடுவயது மனிதர் இறங்கி வந்தார்.

"ஐயா, ஏதாவது உதவி வேணுங்களா?"

தெஷிமாவின் கை சட்டைப் பைக்குள் போனது. கை அங்கேயே இருந்தது. பிறகு வெறுங்கையாக வெளியே வந்தது.

"சம்சாரத்துக்குக் குளிருது," என்றார். "ஒரு போர்வை இருக்குமா?"

"இருக்குங்க."

அதிகாரி வண்டியிலிருந்து போர்வை எடுத்து வந்தார். தெஷிமாவும் இசாமுவும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார்கள். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று தெரியவில்லை. சயோவுக்கு இனிப் பயமில்லை என்று தோன்றியது. அழுகை வந்தது. அவள் அதை அடக்கவில்லை.

அதிகாரி அவள் பக்கத்தில் நடந்து வந்தார். ஃபுசாவின் கால்களைச் சுற்றிப் போர்வையைச் செருகினார். பழகிய கை. அவர் வீட்டிலும் யாரோ இருக்க வேண்டும்.

"கினு அம்மா ரொம்பப் பயந்துட்டாங்க," என்றார் நிமிராமல், தாழ்ந்த குரலில். "மத்தியானம் வண்டிகிட்ட வந்து அழுதாங்க. தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுடுங்கன்னாங்க. செம்பயறு சோறு நீங்க அவிச்சதாமே?"

சயோவுக்கு ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"நாளைக்கு ஓட்டு. அது நல்லபடியா முடியட்டும்." அவர் எழுந்து குனிந்து வணங்கினார். "திங்கக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு வீட்டுல இருப்பீங்கல்ல?"

அவர் போனார். மரப்பெட்டியிலிருந்து இறங்கிய கோஹெய் கூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து அவளைப் பார்த்து, ஆற்றங்கரைக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தான்.

நாற்காலிகளுக்கு இடையே கினு அம்மா வந்துகொண்டிருந்தாள். பாரம் இறக்கி வைத்தவளின் முகம். மடியில் வைத்திருந்த துணி மூட்டையை இரு கையாலும் நீட்டினாள்.

"காலைல என் மனசே ஆறலை பொண்ணே. இந்தா. காளான். இனிமே பயமில்லை, எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

சயோ வாங்கிக்கொண்டாள். துணிக்குள் அந்த அரக்குப் பெட்டி கனத்தது.

இனி அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது அவள் முறை.